முதுமையின் கையிலும் பணி இருக்கட்டும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

‘முதியோர் நலம்’ பற்றிப் பேசுமாறு அறக்கட்டளையினர் பணித்தனர். இத்தலைப்பில் பேசுவோர் பெரும்பாலும் பிள்ளைகளை நோக்கி, ‘பெற்றோரைக் கைவிடாதீர்’ என்று அறிவுறுத்துவர். நம் இல்லங்களில் பெற்றோரைக் கைவிடுவோர் மிகச் சிலரே. என் கவலை வேறு. நாம் அவர்களைக் கைவிடுவதில்லை; ஆனால் அன்பின் மிகுதியால் அவர்கள் கையிலுள்ள பணிகளை ஒவ்வொன்றாக வாங்கிக்கொண்டு விடுகிறோம்.

‘அத்தை, நீங்கள் உட்காருங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்கிறாள் மருமகள். ‘அப்பா, இனிமேல் கழனிப் பக்கம் போக வேண்டாம்’ என்கிறான் மகன். ‘ஆயா, உங்களுக்கு இது தெரியாது, கொடுங்கள்’ என்று கைப்பேசியை வாங்கிக்கொள்கிறாள் பேத்தி. மூவரும் நல்லவர்களே. ஆயினும் இப்படியே ஓராண்டு கழிந்தால் அந்த முதியவர்க்குக் காலையில் எழுந்திருக்கக் காரணம் ஒன்றும் இராது. பயன்படுத்தாத தசை மெலிகிறது. பயன்படுத்தாத மூட்டு இறுகுகிறது. கேட்பாரற்ற சொல் மறந்துபோகிறது. பின்பு, ‘வயதாகிவிட்டது, இனி என்ன செய்வது’ என்று பழியை வயதின்மேல் போடுகிறோம்.

நான் மருத்துவன் அல்லன். தமிழ் பயின்று, தமிழ் பயிற்றி, ஓய்வு பெற்றவன். ஆயினும் இப்பொருளுக்கென்றே ஒரு மருத்துவத்துறை உண்டு என்பதையும், அதன் கருத்து நம் அறநெறிக்கு மிக நெருங்கியது என்பதையும் அறிந்தபோது, அதனை உங்களோடு பகிர்ந்துகொள்வது கடமை எனக் கருதினேன்.

அத்துறையை ஆங்கிலத்தில் ‘ஆக்குபேஷனல் தெரபி’ என்பர். தமிழில் ‘செயல்முறை மருத்துவம்’ எனலாம். இங்கே ‘ஆக்குபேஷன்’ என்பது சம்பளம் பெறும் வேலையை மட்டும் குறிப்பதன்று. ஒருவருடைய நாளை நிறைத்து, அதற்குப் பொருள் தரும் செயல் எதுவாயினும் அது ‘ஆக்குபேஷன்’ ஆகும். பல் துலக்குவது, வேட்டி கட்டுவது, சமைப்பது, கோயிலுக்குச் செல்வது, பேரனுக்குக் கதை சொல்வது ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

இயன்முறை மருத்துவத்திற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைப் பலர் கேட்பதுண்டு. இரண்டும் உடன்பிறப்புகள். இயன்முறை மருத்துவர் முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று முதலில் பார்ப்பார். செயல்முறை மருத்துவர், அந்த முழங்காலைக் கொண்டு நீங்கள் எங்கே போக விரும்புகிறீர்கள் என்று முதலில் கேட்பார். ‘கோயிலுக்கு’ என்று விடை வந்தால், வீட்டு வாயிற்படியிலிருந்து கோயில் மண்டபம் வரை உள்ள ஒவ்வொரு தடையையும் எண்ணிப் பார்ப்பார். உடலைப் பயிற்றுவதோடு நில்லாமல், செயலைச் செய்யும் முறையையும் சுற்றுப்புறத்தையும் மாற்றுவார். செயலுக்கேற்ப மனிதனை வருத்தாமல் மனிதனுக்கேற்பச் செயலை அமைப்பதே இத்துறையின் சாரம்.

இதன் வரலாறும் அறியத்தக்கது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் கிளிஃப்டன் ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில், 1917 மார்ச்சில், ஜார்ஜ் எட்வர்டு பார்ட்டன் என்பவரின் இல்லத்தில் சிலர் கூடி இத்துறைக்கான முதற்சங்கத்தை நிறுவினர். பார்ட்டன் கட்டடக் கலைஞர். காசநோயால் வருந்தியவர்; இடப்பக்கம் செயலிழந்தவர். தோட்டவேலையும் தச்சுவேலையும் செய்து செய்தே தம் உடலை மீட்டுக்கொண்டவர். இந்தியாவில் இத்துறைக்கு வித்திட்டவர் கமலா நிம்ப்கர். அமெரிக்காவில் பிறந்து, இந்தியரை மணந்து, இந்நாட்டையே தம் நாடாகக் கொண்ட அவ்வம்மையார் 1950இல் பம்பாய் கே.இ.எம். மருத்துவமனையில் இத்துறைக்கான பள்ளியைத் தொடங்கினார்.

நம் ஊர்களுக்கு அண்மையிலும் இவ்வரலாறு உண்டு. வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் பணியாற்றிய மருத்துவர் மேரி வர்கீஸ் 1954இல் நேர்ந்த ஊர்தி விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு, இடுப்புக்குக் கீழ் உணர்விழந்தார். அவர் தம் மருத்துவப் பணியை விடவில்லை. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயால் மடங்கிய விரல்களுக்கு அறுவை மருத்துவம் செய்தார். பின்னர் நியூயார்க் சென்று மறுவாழ்வு மருத்துவம் பயின்று திரும்பி, வேலூரில் அத்துறையை வளர்த்தார். நின்று செய்த பணியை அமர்ந்து செய்யலாம் என்று அவருக்கு வழி பிறந்ததே, அதுதான் செயல்முறை மருத்துவத்தின் உள்ளுறை.

‘முதியோர்க்குப் பொழுது போனால் போதாதா? அதற்கு ஒரு மருத்துவமா?’ என்று சிலர் நினைக்கலாம். இதற்கு ஓர் ஆய்வு விடை கூறுகிறது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த புளோரன்ஸ் கிளார்க் குழுவினர், 60 வயதும் அதற்கு மேலும் ஆன 361 பேரை மூன்று பிரிவாக்கினர். ஒரு பிரிவினர்க்குச் செயல்முறை மருத்துவர் ஒன்பது மாதம் வழிகாட்டினார். அவரவர் நாளை அவரவர் எப்படி அமைத்துக்கொள்வது, எச்செயல் தமக்கு உயிரானது, அதனைத் தடையின்றிச் செய்வது எவ்வாறு என்பன அவ்வழிகாட்டலில் அடங்கும். இரண்டாம் பிரிவினர் கூடிப் பேசியும் விளையாடியும் பொழுதுபோக்கினர். மூன்றாம் பிரிவினர்க்குத் தனியே ஏதும் செய்யப்படவில்லை. 1997இல் வெளியான முடிவின்படி, முதற்பிரிவினரே உடல்நலத்திலும் செயல்திறத்திலும் மனநிறைவிலும் மேம்பட்டிருந்தனர். பொழுதுபோக்கிய பிரிவினர்க்கும் ஒன்றும் செய்யப்படாத பிரிவினர்க்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பொழுதைப் போக்குவது வேறு. பொழுதுக்குப் பொருள் தருவது வேறு என்பது இதனால் விளங்கும்.

இனி, நம் பகுதியில் நான் அறிந்த ஒரு நிகழ்வு. பக்கவாதத்தால் வலக்கை தளர்ந்த ஓர் அம்மையாரைக் குடும்பத்தார் கட்டிலிலேயே வைத்துப் போற்றினர். ஊட்டினர், தலை வாரினர், ஒரு குறையும் வைக்கவில்லை. அவரோ நாளுக்கு நாள் பேச்சைக் குறைத்துக்கொண்டே வந்தார். மருத்துவமனையில் செயல்முறை மருத்துவம் செய்ய வந்த பெண் அவரிடம், ‘வீட்டில் காலையில் எழுந்ததும் என்ன செய்வீர்கள் அம்மா?’ என்று கேட்டாள். ‘பூசைக்கு அட்சதை பொறுக்குவேன்’ என்றார். அட்சதை என்றாலே முறியாதது என்பதுதானே பொருள்? முனை முறியாத அரிசியைத் தேர்ந்தெடுத்துச் சேர்ப்பது அவர் நெடுங்காலமாகச் செய்துவந்த பணி.

அப்பெண் அதனையே மருந்தாக்கினாள். முதலில் மொச்சைக் கொட்டைகளைப் பொறுக்கச் செய்தாள். அடுத்துக் கொண்டைக்கடலை, பின்பு துவரை, இறுதியில் அரிசி. வெள்ளரிசி கண்ணுக்குத் தெளிவாகத் தெரிவதற்காகக் கருநிறத் தட்டு ஒன்றைக் கொடுத்தாள். தட்டு நகராதிருக்க அடியில் ஈரத்துணி விரித்தாள். பல மாதம் சென்றது. ஒரு பர்வ நாளில் அவ்வம்மையார் பொறுக்கிய ஒரு பிடி அரிசி சன்னிதிக்கு வந்தது. அதில் ஒன்றிரண்டு குறுநொய்யும் கலந்திருந்தது என்று அவருடைய மருமகளே சிரித்துக்கொண்டு சொன்னார். கை முழுதும் குணமாகவில்லை. ஆனால் அவர் மீண்டும் பேசத் தொடங்கிவிட்டார். இக்காலத்தார் ‘மீண்டெழும் ஆற்றல்’ என்பது இதுதான். இழந்தது எல்லாம் திரும்பி வருவதன்று. எஞ்சியிருப்பதைக் கொண்டு மீண்டும் பயன்படுவது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. நம் சான்றோராகிய கணிமேதாவியார் தம் நூலுக்கு ‘ஏலாதி’ என்றும், காரியாசான் தம் நூலுக்குச் ‘சிறுபஞ்சமூலம்’ என்றும் மருந்தின் பெயரையே சூட்டினர். உடற்பிணிக்கு மருந்து போல உயிர்ப்பிணிக்கு அறம் என்பது அவர்தம் கருத்து. நால்வகைத் தானத்துள் ஔடத தானமும் ஒன்று. தத்துவார்த்த சூத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் அகத்தவம் ஆறினைக் கூறுமிடத்து ‘வையாவிருத்தியம்’ என்பதனை அவற்றுள் ஒன்றாக வைக்கிறது. துறவியர்க்கும் அவருள் பிணியுற்றோர்க்கும் செய்யும் தொண்டு அது. பிறர்க்குத் தொண்டு செய்வதைத் தானம் என்னாமல் தவம் என்றது எண்ணத்தக்கது. தவத்திற்குப் பொறுமை வேண்டும். ஆயா அரைமணி நேரம் எடுத்துக்கொண்டு தாமே சேலை கட்டி முடிக்கும்வரை காத்திருப்பதும் ஒரு தவமே. ஐந்து நிமிடத்தில் நாமே கட்டிவிடுவது நமக்கு எளிது, அவர்க்கு இழப்பு.

மேலும், இல்லறத்தார்க்கு நாள்தோறும் ஆறு கடமைகள் விதிக்கப்பட்டுள்ளன. தேவ பூசை, குரு வழிபாடு, நூல் ஓதுதல், புலனடக்கம், தவம், தானம் என்பன அவை. இவ்வாறனுள் எதற்கும் ஓய்வுபெறும் வயது குறிக்கப்படவில்லை. அரசாங்கம் ஆசிரியர்க்கு ஓய்வு கொடுக்கும்; அறம் எவர்க்கும் ஓய்வு கொடுப்பதில்லை.

இங்கே ஓர் ஐயம் எழலாம். ‘நம் சமயம் துறவைப் போற்றுவது. நாலடியார் இளமை நிலையாமையும் யாக்கை நிலையாமையும் பேசுகிறது. முதுமையில் ஒதுங்கி இருப்பதுதானே முறை?’ என்பர். பற்றை விடுவது வேறு, செயலை இழப்பது வேறு. செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பு நோற்ற சந்திரநந்தி ஆசிரியரின் கல்வெட்டு உள்ளது. தெளிந்த அறிவோடு, தாமே தேர்ந்து, விழிப்புடன் மேற்கொண்ட நோன்பு அது. சுவரைப் பார்த்துக்கொண்டு மூலைக்கட்டிலில் கிடப்பது அத்தகையதன்று. ஒருவர் தாமாக விட்டால் அது துறவு. நாம் பிடுங்கிக்கொண்டால் அது பறிப்பு. முதியவர் வாய்திறவாமல் இருப்பதைப் பார்த்து, ‘பக்குவம் வந்துவிட்டது’ என்று நாம் ஆறுதல் கொள்ளக்கூடாது. அது மனச்சோர்வாகவும் இருக்கலாம். அதற்கு மருத்துவம் உண்டு.

இனி இல்லத்தில் செய்யத்தக்கவை சில. துறவியர்க்குரிய ஐந்து சமிதிகளுள் ஈரியா சமிதி என்பது முன்னே நான்கு முழ நிலத்தை நோக்கிப் பார்த்து நடத்தல். ஆதான நிக்ஷேபண சமிதி என்பது ஒரு பொருளை எடுப்பதிலும் வைப்பதிலும் விழிப்போடு இருத்தல். சிற்றுயிர்க்குத் தீங்கு நேராமைக்கென வகுத்தவை இவை. ஆயினும் முதுமையில் தம் உயிரையும் காப்பன இவையே. முதியோரை முடக்குவதில் கீழே விழுதலுக்குப் பெரும்பங்கு உண்டு. ஒருமுறை விழுந்தவர்க்கு எலும்பு கூடிவிடும், அச்சம் போகாது. அச்சத்தால் நடையைக் குறைப்பார். நடை குறையக் கால் மெலியும். கால் மெலிய மீண்டும் விழுவார்.

ஆகவே பார்த்து நடக்கும் பொறுப்பு அவருக்கு இருப்பது போல, பார்த்து நடக்கத்தக்க வழியை அமைக்கும் பொறுப்பு நமக்கு உண்டு. கட்டிலிலிருந்து கழிவறை வரை இரவில் விளக்கு எரியட்டும். அவ்வழியில் கால்மிதி சுருண்டு கிடக்கலாகாது. குளியலறையிலும் கழிவறையிலும் சுவரில் கைப்பிடி பதியுங்கள். நின்று குளிக்க இயலாதவர் வழுக்காத நாற்காலியில் அமர்ந்து குளிக்கட்டும். கட்டிலில் அமர்ந்தால் பாதம் இரண்டும் தரையில் படியும் உயரமே தக்க உயரம். எழுந்தவுடன் நடவாமல், கட்டில் ஓரத்தில் சிறிது நேரம் அமர்ந்தபின் நடக்கப் பழக்குங்கள். படிகளின் விளிம்பில் மஞ்சள் வண்ணம் பூசினால் மங்கிய கண்ணுக்கும் புலப்படும்.

கதிரவன் மறையுமுன் உண்பதும் பர்வ நாளில் உபவாசம் இருப்பதும் நம் நெறி. நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்துக்கோ மருந்து உண்பவர்கள் இவ்வழக்கத்தை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லி, மருந்தின் அளவையும் வேளையையும் அதற்கேற்பக் கேட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். நெறியும் பிறழாது, மயங்கி விழும் இடரும் குறையும்.

பணிகளைப் பறிக்காமல் மாற்றி அமையுங்கள். தரையில் அமர்ந்து முறத்தில் பருப்பு ஆய்ந்தவர் மேசைமேல் முறத்தை வைத்து நாற்காலியில் அமர்ந்து ஆயலாம். பருப்பிலும் மாவிலும் சிற்றுயிர் உண்டா எனப் பார்ப்பது நம் அடுக்களையின் தலையாய அறம். அந்த அறத்தை அவர் கையிலேயே விட்டுவையுங்கள். குடத்தைச் சாய்த்து நீர் வடிகட்ட இயலாதவர் சிறு செம்பால் முகந்து வடிகட்டலாம். கரண்டிக்காம்பில் துணி சுற்றித் தடிப்பாக்கினால் விரல் மடங்காதவரும் பிடிக்கலாம். களைப்பு மிகுந்தவர் கடினமான பணியைக் காலையிலேயே முடித்து, இடையிடையே இளைப்பாறலாம். மறதிநோய் உற்றவரிடம், ‘நினைவிருக்கிறதா?’ என்று தேர்வு வைக்காதீர்கள். பொருளைக் கையில் கொடுத்துத் தொடங்கி வையுங்கள். நாப் பழகிய தோத்திரமும் கை பழகிய தொழிலும் எளிதில் மறப்பதில்லை.

பால்டிமோர் நகரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தார் வகுத்த ஒரு திட்டத்தில், முதியவர் வீட்டிற்குச் செவிலியரும் செயல்முறை மருத்துவரும் செல்வதோடு, கைப்பிடி பதிக்கவும் படியைச் செப்பனிடவும் ஒரு கைவினைஞரும் செல்கிறார். எது முதலில் சரியாக வேண்டும் என்பதை முதியவரே சொல்கிறார். நம் ஊரிலும் தச்சர் உண்டு, கொத்தனார் உண்டு. கேட்க வேண்டியவர் முதியவரே என்பதை நாம் உணர்ந்தால் போதும்.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படியே தமிழ்நாட்டில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் 60 வயதைக் கடந்தவர்கள். நம் சிற்றூர்களில், பிள்ளைகள் நகரங்களில் இருக்க, பெரிய வீட்டில் இருவராகவோ ஒருவராகவோ வாழ்பவர்களை நாம் கண்ணாரக் காண்கிறோம். அவர்கள் அறியவேண்டியவை இரண்டு. தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டிற்கே வந்து இயன்முறை மருத்துவம் அளிக்க வழி உண்டு. முதியோர்க்கான உதவி எண் 14567.

இறுதியாக, அறக்கட்டளையினர்க்கும் ஊர்ப் பெரியோர்க்கும் என் வேண்டுகோள். அபிடேக நீர் வழிந்து சன்னிதி முன் தரை வழுக்குகிறது. அங்கே தேங்காய்நார் மிதியடி விரியுங்கள். வாயிற்படிகளுக்கு இருபுறமும் கைப்பிடிக் கம்பி இடுங்கள். தரையில் அமர இயலாதவர்க்கு மண்டபத்தில் சுவரோரம் விசிப்பலகை போடுங்கள். நாற்காலி கேட்க நாணியே கோயிலுக்கு வருவதை நிறுத்தியவர் உளர். ஆண்டுக்கு ஒருமுறையேனும் செயல்முறை மருத்துவர் ஒருவரை அழைத்து, வீடுதோறும் பார்வையிடச் செய்யுங்கள்.

முதியோர்க்குப் பணிகளையும் பகிர்ந்தளியுங்கள். ஸ்ரீபுராணம் படிக்க ஒருவர், குழந்தைகட்குத் தோத்திரம் கற்பிக்க ஒருவர். கிரந்த எழுத்து அறிந்தவர் இருப்பின், ஏடு படிக்க இளைஞர் இருவரை அவரிடம் சேர்ப்பியுங்கள். பழைய நிழற்படத்தில் உள்ளோர் பெயரைச் சொல்லத் தெரிந்தவர் சொல்ல, பேரன் எழுதிக்கொள்ளட்டும். இவை முதியவர்க்கு நாம் காட்டும் இரக்கம் அல்ல. அவர் இல்லையேல் நடவாத பணிகள்.

நாளையே தொடங்கத்தக்க ஒன்றும் உண்டு. சென்ற ஆண்டு விழாவிற்கு வந்து, இவ்வாண்டு வாராத முதியோர் யார் யார் என்று ஊர்தோறும் ஒரு பட்டியல் எழுதுங்கள். அவர்தம் இல்லத்திற்குச் செல்லுங்கள். ‘ஏன் வரவில்லை?’ என்று கேட்காதீர்கள். ‘எந்தப் படி ஏற முடியவில்லை?’ என்று கேளுங்கள். அந்தப் படியைச் சரிசெய்துவிட்டு, அடுத்த விழாவில் அவர்க்கென்று ஒரு பணியையும் வைத்து அழையுங்கள்.

அறம் வளர்க! அனைத்துயிரும் நலம் பெறுக! ஜெய் ஜினேந்திரா.